இன்றைக்கு நீலம் மட்டும்



மேசைப் போர் விளையாட்டைப் பற்றிய தொடர் முடிந்த பிறகும் அதுபற்றிய கடிதங்கள் நின்றபாடில்லை. பெரும்பாலானவற்றில் ஒரே புலம்பல். பெட்டி வாங்கியாயிற்று, வண்ணக் குப்பிகள் வாங்கியாயிற்று, பிரஷ் கூட விலை பார்க்காமல் வாங்கியாயிற்று. சிப்பாய்கள் மட்டும் சாம்பல் நிறம் மாறாமல் அலமாரியில் கிடக்கிறார்கள். “நேரமே கிடைக்க மாட்டேன் என்கிறது” என்பது எல்லோரும் சொல்லும் காரணம். ஒரு வாசகி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். நேரம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் தன்னுடையதுதான், ஆனால் காலையில் எழுந்ததும் ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தோன்றிவிடுகிறதாம். எனக்கென்னவோ அவர் சொன்னதுதான் மற்றவர்களுக்கும் உண்மையான காரணம் என்று படுகிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசையின் இருபுறமும் ஆட்கள் நின்று, பகடையும் அளவுநாடாவும் வைத்துக்கொண்டு, விதிப்புத்தகப்படி படைகளை நகர்த்தி ஆடும் ஆட்டம் இது. சிப்பாய் ஒருவர் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரம். உங்கள் கட்டைவிரலின் மேல் கணு அளவுதான். பெட்டியிலிருந்து கை வேறு, தலை வேறாகப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வருவார். வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி அவரைப் படையில் சேர்ப்பது நம் பொறுப்பு.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. எச்.ஜி.வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதிய காலத்தில் அவர் வீட்டுத் தரையில் அணிவகுத்தவை பிரிட்டன்ஸ் கம்பெனியின் ஈயப் பொம்மைகள். அவை கடையிலேயே வண்ணத்தோடு கிடைத்தன. தரையில் மண்டியிட்டுப் பீரங்கியால் குறிபார்ப்பதுதான் வெல்ஸுக்கு வேலை. ஆட்டக்காரரே பிரஷ் பிடிக்க வேண்டும் என்பது பிறகு வந்த ஏற்பாடு. 1959 முதல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சிப்பாய்களை மலிவாக விற்றது. 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ புத்தகம் வந்தது. கைச்செலவுக் காசில் ஒரு பட்டாளத்தையே சேர்க்கலாம் என்று ஆகிவிட்டது. என்ன, அந்தப் பிளாஸ்டிக் ரப்பர் மாதிரி வளையும்; ஈட்டியை நிமிர்த்தினால் தீட்டிய எனாமல் செதில் செதிலாக உதிரும். அந்தத் தலைமுறை அதையும் பொறுத்துக்கொண்டுதான் தீட்டியது.

இன்று இந்தப் பொழுதுபோக்கின் தலைநகரம் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம். 1975இல் லண்டனில் சிறிதாகத் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் பிறகு அங்கேதான் குடியேறியது. நெப்போலியன் காலப் படைகளுக்குப் பேர்போன பெர்ரி சகோதரர்களின் கம்பெனியும், வார்லார்ட் கேம்ஸும் அதே ஊர்தான். வார்ஹாமர் 1983இல் வந்தது, வார்ஹாமர் 40,000 1987இல். அதே 1987இல் ‘கோல்டன் டீமன்’ என்ற வண்ணம் தீட்டும் போட்டியும் தொடங்கியது. அங்கே பரிசு வாங்கும் பொம்மைகளின் படத்தைப் பார்த்தால் நம்பவே முடியாது. 28 மில்லிமீட்டர் உருவத்தின் முகத்தில் தாடி முளைத்த நிழல் தெரியும். வாளின் தகட்டில் வானம் தெரியும்.

நம் வாசகர்கள் பலரைக் கட்டிப்போட்டிருப்பதும் அந்தப் படங்கள்தான் என்பேன். காட்சிக்குத் தீட்டுவதும் களத்துக்குத் தீட்டுவதும் இரண்டு வேறு கைத்தொழில்கள். போட்டிக்காரர் ஒரே உருவத்தோடு வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். படை சேர்ப்பவருக்கு வேண்டியது, மேசையோரம் நின்று பார்க்கும்போது, அதாவது மூன்றடி தூரத்தில், நாற்பது பேரும் ஒரே பட்டாளமாகத் தெரிவதுதான். அந்தத் தூரத்தில் கண் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இந்த அளவில் ஒரு கண்ணின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். புருவத்துக்குக் கீழே பழுப்பு நிழல் விழுந்தால் பார்ப்பவரின் மனசு கண்ணைத் தானே வரைந்துகொள்ளும். ஆனாலும் புதியவர்கள் முதல் சிப்பாய்க்கே கண் திறக்கப் போய், அவர் பேயறைந்தவர் போல முழிக்க, பெட்டியை மூடிவைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து கண்ணை விட்டுவிடுங்கள். பட்டன்களைக்கூட விட்டுவிடலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலை ஞாயிற்றுக்கிழமை முழுநாளுக்கு ஏற்ற வேலையே இல்லை. அரை மணி நேரத் துண்டுகளாக நறுக்கிச் செய்வதற்கென்றே அமைந்த வேலை. அப்படி நறுக்கித் தருவது நாமல்ல, வண்ணம்தான்.

எப்படி என்று ஒரு சிப்பாயை வைத்தே சொல்கிறேன். நெப்போலியனின் காலாட்படை, 1810 வாக்கு. கருநீலக் கோட்டு, மார்பில் வெள்ளை மடிப்பு, சிவப்புக் கழுத்துப்பட்டி, வெள்ளைக் கால்சட்டை, முழங்கால்வரை கறுப்பு உறை, தலையில் உயரமான கறுப்புத் தொப்பி. பத்துப் பேரை ஒட்டி, ப்ரைமர் என்ற அடிப்பூச்சு பூசி, ஒவ்வொருவரையும் ஒரு பழைய மருந்து பாட்டில் மூடியில் இருபக்க டேப்பால் நிறுத்தியிருக்கிறீர்கள். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருகிறீர்கள். இன்றைக்கு நீலம் மட்டும்.

நீலத்தைத் தண்ணீர் சேர்த்துப் பாலேடு மாதிரி கரைத்துக்கொள்ளுங்கள். குப்பியிலிருந்து எடுத்ததை அப்படியே அப்பினால் மடிப்புகளெல்லாம் தூர்ந்துபோகும். பிரஷை நனைத்தபின் ஒருமுறை டிஷ்யூவில் தொட்டு எடுங்கள். இல்லாவிட்டால் முதல் தொடுதலிலேயே நிறம் ஓடிவிடும். முதுகில் தொடங்குங்கள். தோளிலிருந்து கோட்டின் வால்வரை ஒரே இழுப்பு. பிறகு கைகள், கடைசியில் மார்பின் ஓரங்கள். வெள்ளை மடிப்பின் மேல் நீலம் படத்தான் செய்யும், கவலை வேண்டாம், வெள்ளைக்கான முறை நாளைக்கு வரும். ஒருவருக்கு இரண்டு நிமிஷம். பத்தாவது ஆளின் முதுகை முடிக்கும்போது முதலாமவர் காய்ந்து, நிறம் அங்கங்கே திட்டுத்திட்டாக அடியைக் காட்டிக்கொண்டு நிற்பார். முதலில் இருந்து இரண்டாவது பூச்சு. திட்டெல்லாம் மறைந்து வெல்வெட் மாதிரி சமமாகிவிடும். பிரஷைக் கழுவுங்கள், எழுந்திருங்கள். அரை மணி, கூடினால் நாற்பது நிமிஷம்.

நாளைக்கு வெள்ளை. நேரடியாக வெள்ளையைப் பூசாமல் சாம்பல் கலந்த வெளிர்நிறத்தில் தொடங்கினால் நிழல் தானாகக் கிடைக்கும். மேடான இடங்களில் மட்டும் கடைசியில் தூய வெள்ளை. மறுநாள் முகம், கைகள், துப்பாக்கியின் மரம். இன்னொரு நாள் தொப்பி, காலுறை, தோல்பை என்று கறுப்பாக இருப்பவை எல்லாம். அதற்கடுத்த நாள்தான் எனக்குப் பிடித்த நாள்: ‘வாஷ்’. தண்ணீராக ஓடும் பழுப்பு நிறத்தை உருவம் முழுக்கத் தடவினால், அது மேடுகளை விட்டுவிட்டுப் பள்ளங்களில் போய்த் தங்கும். விரல்களுக்கு நடுவே, பட்டைகளுக்கு அடியே, தாடைக்குக் கீழே, எங்கெல்லாம் நிழல் வேண்டுமோ அங்கெல்லாம் தானே உட்காரும். பத்து நிமிஷ வேலை. அதன்பிறகு குறைந்தது அரை மணி அதைத் தொடக்கூடாது. அவசரப்பட்டு மேலே இன்னொரு நிறம் வைத்தால் இரண்டும் கலந்து சேறாகும்.

ஆக, வண்ணமே நம்மை எழுந்து போகச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் ஒதுக்கியவர் அதில் பாதியைக் காய்வதற்காகக் காத்திருந்து கழிப்பார்; அல்லது காத்திராமல் கெடுப்பார். அதைவிட, முழுநாள் என்ற நினைப்பே மலைப்பைத் தருகிறது. ‘இன்று பத்துப் பேரை முடிக்க வேண்டும்’ என்றால் கை எழாது; ‘இன்று பத்து முதுகுக்கு நீலம்’ என்றால் அலுத்துக் களைத்து வந்த நாளிலும் எழும்.

இப்படித் தினமும் உட்காருவது பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லல்லியும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு ஒன்று 2010இல் அச்சில் வந்தது. 96 பேரிடம், தினமும் ஒரு புதிய பழக்கத்தை, தினசரி நடக்கும் ஏதாவதொன்றோடு ஒட்டிச் செய்யச் சொன்னார்கள். காலை உணவுக்குப் பிறகு இது, இரவு உணவுக்கு முன் அது என்று. யோசிக்காமலே செய்யும் நிலை வருவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. ‘21 நாளில் பழக்கம்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைப் படிக்கலாம். நமக்கு முக்கியமான இன்னொன்றும் அதில் இருந்தது: இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

இதை நான் சொல்லக் காரணம், நம் வாசகர்களிடையே நாள் எண்ணும் மோகம் பரவியிருப்பது. நூறு நாள் விடாமல் தீட்டினேன் என்று காலண்டரில் சிவப்பு மையால் குறித்து அனுப்புகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் காய்ச்சலோ கல்யாணமோ வந்து சங்கிலி அறுந்ததும் அதோடு பிரஷையே தூக்கிப்போட்டவர்களின் கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. நாளை எண்ணாதீர்கள். எண்ணியே தீர வேண்டுமென்றால் முடித்த சிப்பாய்களை எண்ணுங்கள். அவர்கள் காய்ச்சல் வந்தாலும் குறைய மாட்டார்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு சங்கதி: தண்ணீர் குடிப்பது போன்ற எளிய காரியங்கள் சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி தாமதமானது. நம் வேலையில் தண்ணீர் குடிப்பதுபோல எளிதாக்கக்கூடியது தீட்டுவது அல்ல, போய் உட்காருவதுதான். அதற்குத் தடையாக இருப்பதெல்லாம் அற்பமான விஷயங்கள்: குப்பி ஓரிடம், விளக்கு ஓரிடம், தண்ணீர்க் கிண்ணம் எங்கே, நேற்று எந்தப் பழுப்பை எடுத்தோம். இதைத் தேடுவதிலேயே பத்து நிமிஷம் போய்விட்டால் யார் உட்காருவார்? தனி மேசை இருப்பவர்கள் பாக்கியசாலிகள். எல்லாவற்றையும் விரித்தபடியே விட்டுவிடலாம். சாப்பாட்டு மேசையில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்வது, விளிம்பு உயர்ந்த ஒரு பெரிய தட்டு. பத்துச் சிப்பாய், அன்றைக்கு வேண்டிய மூன்று குப்பி, இரண்டு பிரஷ், தண்ணீருக்கு ஒரு டம்ளர், ஒரு சின்ன எல்இடி விளக்கு. அதற்குமேல் தட்டில் இடம் இருக்கக்கூடாது. வேலை முடிந்தால் தட்டோடு ஃபிரிட்ஜ் மேலே. அந்த டம்ளருக்கு வீட்டில் புழங்கும் டம்ளரை எடுக்காதீர்கள், குடும்ப அமைதிக்காகச் சொல்கிறேன்.

தட்டில் ஒரு பழைய டைரியும் இருக்கட்டும். எந்த நீலம், எந்த அளவு தண்ணீர், அதன்மேல் எந்த வாஷ், பிறகு எந்த வெளிர்நீலம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி. இது அழகுக்காக அல்ல. மகள் பரீட்சை, வீடு மாற்றம் என்று இரண்டு மாதம் போனபின் திரும்பி வருபவர், பாதியில் நின்ற பத்துப் பேரையும் எடுத்து வைத்துக்கொண்டு முழிப்பது ‘அந்த நீலம் எது?’ என்றுதான். டைரி இருந்தால் அன்றிரவே பழைய இடத்தில் தொடரலாம். இல்லாவிட்டால் புதுப்பெட்டி வாங்கப் போய்விடுவார்.

வாங்குவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வாங்குவதும் ஒரு பொழுதுபோக்குதான், அதை நான் பழிக்கவில்லை. ஆனால் அது வேறு பொழுதுபோக்கு. பெட்டியைத் திறந்து மோந்து பார்க்கிற சந்தோஷம் தீட்டி முடித்த சந்தோஷத்துக்கு முன்பணமாகத் தோன்றும், அவ்வளவுதான். முடித்த பத்துக்கு ஒரு பெட்டி என்று உங்களுக்கு நீங்களே ரேஷன் வைத்துக்கொள்ளலாம்.

படையின் அளவும் அப்படித்தான். வாட்டர்லூ போரை அப்படியே மேசையில் கொண்டுவர ஆசைப்படும் வாசகர்கள் வில்லியம் சைபோர்னின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியான அவர் 1830இல் போர்க்களத்துக்கே போய், லா ஹே சாந்த் பண்ணை வீட்டில் மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்து, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிச் சிப்பாய்களோடு ஒரு மாதிரிக் களத்தை உருவாக்கத் தொடங்கினார். நடுவில் அரசு பணத்தை நிறுத்தியது. கடன் வாங்கி முடித்து, 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார், கடன் அடைந்தபாடில்லை. அது இப்போது லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம், அவர் வழியில் போக வேண்டாம். முதலில் பத்துப் பேர் போதுமான ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள். 2015இல் ஆஸ்ப்ரே வெளியிட்ட ‘ஃப்ராஸ்ட்கிரேவ்’ அப்படிப்பட்டது: ஒரு மந்திரவாதி, ஒரு சீடர், கூலிக்கு எட்டுப் பேர்வரை. எந்தக் கம்பெனி பொம்மையும் செல்லும். பத்துப் பேரையும் தீட்டி முடித்த வாரமே ஆட முடிகிறது என்பது இருக்கிறதே, வேறு எந்த ஊக்கமும் அதற்கு ஈடில்லை. எதிரே ஆட ஒரு நண்பர் தேதி குறித்துவிட்டால் இன்னும் நல்லது.

பிரஷ் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மூன்று சைபர் போட்ட, ஈர்க்குச்சியைவிட மெல்லிய பிரஷ்களை வாங்கிக் குவிக்காதீர்கள். அவற்றின் நுனியில் நிற்கும் துளி, பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். 1 அல்லது 2ஆம் எண், கொலின்ஸ்கி முடி, முனை கூர்மையாக இருந்தால் பொத்தான்வரை அதிலேயே தீட்டலாம். உலோக வளையத்துக்குள் வண்ணம் ஏறாமல் பார்த்துக்கொண்டு, வாரம் ஒருமுறை சோப்பில் கழுவினால் வருஷக்கணக்கில் வரும். நிறத்தைத் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் உரசும் ‘உலர்பிரஷ்’ வேலைக்கு மட்டும் பழைய, முடி விரிந்த பிரஷ்.

நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. மின்விசிறிக்கடியில் அக்ரிலிக் கண்மூடித் திறப்பதற்குள் தோல் கட்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் ஈர ஸ்பாஞ்சை விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் நிறத்தைக் கரையுங்கள். மூடி வைத்தால் நாளைக்கும் அதே நீலம் காயாமல் இருக்கும். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் ஸ்ப்ரே ப்ரைமர் பொடிப்பொடியாகப் படியும், மேட் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துப்போகும். பிரஷால் பூசும் ப்ரைமர் தொல்லையில்லாதது. அடித்தட்டுக்கு ஃபெவிகால் தடவி, சலித்த மணலைத் தூவினால் போதும். உலோகப் பொம்மையின் கையை ஒட்ட ஃபெவிக்விக்.

ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தரும் கான்ட்ராஸ்ட் வகை வண்ணங்கள் 2019இல் வந்ததிலிருந்து, அது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டு எழுதுகிறார்கள். இல்லவே இல்லை. எது உங்கள் படையை மேசைக்குக் கொண்டுவருகிறதோ அதை எடுங்கள். எனக்கு நீலத்தை இரண்டு பூச்சாகப் பூசப் பிடிக்கும், அதனால் பூசுகிறேன். பிரெஞ்சுக் காலாட்படையின் தொப்பியில் ஒரு குஞ்சம் இருக்கும். முதல் கம்பெனிக்குப் பச்சை, இரண்டாவதற்கு வான்நீலம், மூன்றாவதற்கு ஆரஞ்சு, நான்காவதற்கு ஊதா. மிளகில் பாதிகூட இருக்காது. எல்லாம் முடிந்தபின் அந்த ஒரு புள்ளியை வைக்கும்போதுதான் நாற்பது பேரும் நான்கு கம்பெனியாகப் பிரிந்து நிற்பார்கள். அந்த வேலையை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்த இதழிலிருந்து ‘அரைகுறை’ என்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். முடித்த பொம்மைகளை அனுப்ப வேண்டாம். அதற்கு வேறு பக்கம் இருக்கிறது. நீலம் மட்டும் பூசியவர், ஒரு கை இன்னும் சாம்பலாக இருப்பவர், வாஷ் காய்ந்துகொண்டிருப்பவர், இப்படிப்பட்டவர்களின் படங்கள் வேண்டும். டைரியிலிருந்து அந்த ஒரு வரியையும் சேர்த்து அனுப்புங்கள், மற்றவர்களுக்குப் பயன்படும். பரிசு கிடையாது. ஜன்னல் வெளிச்சத்தில், பின்னால் ஒரு வெள்ளைத்தாள் வைத்து எடுங்கள். ஃப்ளாஷ் போட வேண்டாம். 20ஆம் தேதிக்குள் வந்துசேர்ந்தால் அச்சுக்குப் போக வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்